விதைப்பதற்கு முந்தைய இரண்டு வாரங்கள்

ஒரு பருவத்தின் கடைசிக் காய்களைப் பறித்து முடித்த பிறகு, காய்ந்த தண்டுகளுக்கு நடுவே களை முழங்கால் உயரத்துக்கு எழும்பி நிற்கும் பாத்தியைப் பார்க்கும்போது, மண்வெட்டியை எடுத்து ஒரே நாளில் எல்லாவற்றையும் கொத்திப் புரட்டி மறுநாளே விதை போட்டுவிட வேண்டும் என்றுதான் யாருக்கும் தோன்றும். அப்படி வேகவேகமாகத் தயாரித்த பாத்தி அன்று மாலை பார்ப்பதற்கு மிக நன்றாகவே இருக்கும். பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து, விதைத்தது எது, தானாக முளைத்தது எது என்று பிரித்தறிய முடியாதபடி பச்சை மூடிக்கொள்ளும்போதுதான் வேலை முடியவில்லை என்பது புரியும். கண்ணுக்குத் தெரியும் களையை அகற்றுவதை நான் இப்போது பாதி வேலையாகத்தான் கருதுகிறேன். மண்ணுக்குள் இன்னும் முளைக்காமல் கிடக்கும் களையை எப்படிக் கையாள்வது என்பதே மறுபாதி. களையெடுப்புக்கும் விதைப்புக்கும் இடையே நாம் விடும் அல்லது விடாமல் போகும் இரண்டு வாரத்தில்தான் அந்தப் பருவம் முழுவதற்குமான உழைப்பின் அளவு முடிவாகிறது.

மண்ணுக்குள் களை விதை எவ்வளவு காலம் உயிரோடு இருக்கும் என்ற கேள்விக்கு விடை தேடி, வில்லியம் ஜேம்ஸ் பீல் என்ற அமெரிக்கத் தாவரவியலாளர் 1879ஆம் ஆண்டு மிச்சிகனில் ஒரு சோதனையைத் தொடங்கினார். 21 வகைச் செடிகளின் விதைகளை எடுத்து, மணலோடு கலந்து, ஒவ்வொரு புட்டியிலும் வகைக்கு 50 விதைகள் இருக்கும்படி 20 புட்டிகளில் நிரப்பி மண்ணில் புதைத்தார். குறிப்பிட்ட இடைவெளியில் ஒவ்வொரு புட்டியாகத் தோண்டி எடுத்து முளைக்கவைத்துப் பார்க்கும் அந்தச் சோதனையை அவருக்குப் பின் வந்தவர்கள் இன்றும் தொடர்கிறார்கள். 2021ஆம் ஆண்டு எடுத்த புட்டியில், 141 ஆண்டுகளுக்கு மேல் புதைந்து கிடந்த விதைகளில் சில முளைத்தன. இதைப் படித்துவிட்டு மனம் தளர வேண்டியதில்லை. பெரும்பாலான களைகளின் விதைகள் அத்தனை காலம் தாங்குவதில்லை. புதிய விதை விழாமல் பார்த்துக்கொண்டால் மண்ணிலுள்ள இருப்பு சில ஆண்டுகளிலேயே வெகுவாகக் குறைந்துவிடும். ஆனால் ஒரே ஒரு செடியைப் பூத்துக் காய்க்க விட்டுவிட்டால், அந்த இருப்பு மீண்டும் நிரம்பிவிடுகிறது.

அந்தப் புட்டியைத் தோண்டிய நேரம்தான் என் கவனத்தை அதிகம் ஈர்த்தது. விடிவதற்கு முன், இருட்டிலேயே வேலையை முடித்தார்கள். விதைகள் மீது வெளிச்சம் பட்டால் அதுவே முளைப்பைத் தூண்டிவிடக்கூடும் என்பதே காரணம். பல சிறிய விதைகள் ஒளியை உணரும் நிறமி ஒன்றைக் கொண்டுள்ளன. 1952ஆம் ஆண்டு அமெரிக்க வேளாண் துறையின் ஆய்வாளர்கள் லெட்யூஸ் கீரையின் விதைகளைக் கொண்டு இதைத் தெளிவாக்கினார்கள்: சிவப்பு ஒளி பட்டால் விதை முளைக்கிறது, அதைத் தொடர்ந்து அகச்சிவப்பை ஒட்டிய தொலைசிவப்பு ஒளி பட்டால் அந்தத் தூண்டுதல் ரத்தாகிறது. ஃபைட்டோகுரோம் என்று பின்னர் பெயர் பெற்ற நிறமியின் வேலை இது. மேலே இலை அடர்ந்திருந்தால் அது சிவப்பு ஒளியை உறிஞ்சிக்கொண்டு தொலைசிவப்பைக் கீழே விடுகிறது. அதனால் தன் தலைக்கு மேல் வேறு செடி இருக்கிறது என்று விதை அறிந்து அடங்கியிருக்கிறது. ஆழத்தில் கிடக்கும் விதையோ முழு இருட்டில் இருக்கிறது. மண்வெட்டியால் ஒரு அடி ஆழத்துக்கு மண்ணைப் புரட்டும்போது, அது ஒரு கணம் வெளிச்சத்தைக் கண்டு, மேல்மண்ணுக்கு வந்து, ஈரமும் காற்றும் பெற்று முளைக்கத் தொடங்குகிறது. களையை ஒழிப்பதற்காகப் போட்ட ஒவ்வொரு ஆழமான வெட்டும் அடுத்த களைக்கான விதைப்பாகவும் ஆகிவிடுவது இதனால்தான். இரவில் உழுதால் களை குறைகிறதா என்றுகூட வெளிநாடுகளில் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். பலன் இடத்துக்கு இடம் மாறியது. நான் இரவில் மண்வெட்டியோடு இறங்கப் போவதில்லை. பகலில் ஆழமாகப் புரட்டாமல் இருப்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

ஆகவே முதல் வேலை, பாத்தியில் நிற்பவை எவை என்று நின்று பார்ப்பது. குப்பைமேனி, கீழாநெல்லி, அம்மான் பச்சரிசி போன்ற விதையால் மட்டும் பெருகும் ஓராண்டுக் களைகள் வேர்க்கழுத்துக்குச் சற்றுக் கீழே வெட்டினாலே பெரும்பாலும் செத்துவிடும். அவற்றின் வேரை ஒவ்வொன்றாகப் பிடுங்கி மண்ணைக் கலைக்க வேண்டிய அவசியமில்லை, அந்த வேர்கள் உள்ளேயே மக்கிக் காற்றும் நீரும் இறங்கும் வழிகளாகட்டும். கூர்மையான களைக்கொத்தியை மண்ணுக்கு இணையாகச் சாய்த்துப் பிடித்து, மேல்மண்ணைச் சீவுவது போல் இழுத்தால் போதும். வெயில் ஏறிய பிறகு, மண் சற்று உலர்ந்திருக்கும்போது இதைச் செய்தால் வெட்டுண்டவை மாலைக்குள் வாடிவிடும். மழைக்கு முன்போ ஈரத்திலோ செய்தால் பாதி மறுபடி வேர்விடும். பருப்புக்கீரை இதற்கு விதிவிலக்கு. அதன் சதைப்பற்றான தண்டு தரையில் கிடந்தபடியே வேர்விடும், பூத்திருந்தால் பிடுங்கிப் போட்ட பிறகும் விதையை முற்றவைத்துவிடும். ஆகவே அதை வெட்டிய இடத்தில் விடாமல் கூடையில் போட்டு அப்புறப்படுத்த வேண்டும். பார்த்தீனியத்தைப் பூப்பதற்கு முன்பே, கையுறை அணிந்து, வேரோடு பிடுங்க வேண்டும். தோலில் பட்டால் பலருக்கு ஒவ்வாமை வருகிறது, மேலும் ஒரு செடியே ஆயிரக்கணக்கில் விதை தள்ளக்கூடியது.

கோரையின் கதையே வேறு. உலகின் மிக மோசமான களை என்று களை அறிவியலாளர்கள் அதைக் குறிப்பிடுவதில் மிகையேதும் இல்லை. அதன் மூன்று பட்டைத் தண்டைப் பிடித்து இழுத்தால் தயக்கமின்றிக் கையோடு வந்துவிடும், அதுதான் அதன் தந்திரம். அறுபட்ட இடத்துக்குக் கீழே கிழங்கு அப்படியே இருக்கிறது. இழுக்காமல், தண்டுக்குப் பக்கவாட்டில் மண்கிளறியை இறக்கி, மண்கட்டியைத் தூக்கிக் கையால் உடைத்துப் பார்த்தால் அமைப்பு முழுதாகத் தெரியும்: தண்டின் அடியில் சற்றே பருத்த ஒரு குமிழ், அதிலிருந்து கம்பி போன்ற கறுத்த மெல்லிய வேர்த்தண்டு, அதன் நுனியில் ரோமம் போன்ற நார் மூடிய ஒரு கிழங்கு, அங்கிருந்து மறுபடி ஒரு கம்பி, மறுபடி ஒரு கிழங்கு. நகத்தால் கீறினால் உள்ளே வெள்ளையாக இருக்கும், ஒரு மணம் எழும். சங்கிலி அறுபடாமல் இருக்கும்வரை நுனிக் கிழங்கின் ஆதிக்கத்தால் மற்ற கிழங்குகளில் பல உறங்கிக்கிடக்கும். மண்வெட்டியால் கொத்திச் சங்கிலியை அறுத்துவிட்டால் ஒவ்வொன்றும் தனித்தனியே விழித்து முளைவிடும். கோரை உள்ள பாத்தியைச் சுழலும் இயந்திரத்தால் உழுவது, கிழங்குகளைப் பிரித்து நட்டுக்கொடுப்பதற்குச் சமம்.

கோரையிடம் இரண்டு பலவீனங்கள் உண்டு. ஒன்று, கிழங்கு உலர்ந்தால் செத்துவிடும். கிளறி எடுத்த கிழங்குகளைத் தரையில் விடாமல், கல் தளத்திலோ தகரத்திலோ பரப்பி நல்ல வெயிலில் சுருங்கும்வரை காயவிடலாம். மற்றது, அது நிழலைத் தாங்காது. அடர்ந்து படரும் பயிரின் கீழே அது மெலிந்துபோகிறது. ஒரே பருவத்தில் அதை ஒழித்துவிட முடியாது. முளைத்து நான்கைந்து இலை விட்டதும், புதிய கிழங்கு கட்டுவதற்கு முன்பு மீண்டும் மீண்டும் கிள்ளிக்கொண்டே இருந்தால், சேமிப்பைச் செலவழித்துச் செலவழித்துக் கிழங்கு ஓய்ந்துபோகும். அறுகும் இதே போன்ற பிடிவாதம் கொண்டதுதான், ஆனால் அதைக் கையாள்வது சற்று எளிது. தரைமேல் ஓடும் தண்டிலும் மண்ணுக்குள் ஓடும் வேர்த்தண்டிலும் உள்ள ஒவ்வொரு கணுவும் ஒரு புதிய செடி. ஆகவே வெட்டாமல், மண்கிளறியால் நெம்பித் தளர்த்தி, கயிற்றைப் பின்தொடர்வது போல் கையால் உருவி எடுக்க வேண்டும். அறுகு பெரும்பாலும் விளிம்பிலிருந்துதான் உள்ளே வருகிறது என்பதால், பாத்தியின் நடுவைச் சுத்தம் செய்துவிட்டு வரப்பை விட்டுவைத்தால் அது வேலையே இல்லை.

இந்த இடத்தில்தான் பலரும் குறுக்கு வழியைத் தேடுகிறார்கள். உப்பும் வினிகரும் கலந்து தெளிக்கும் யோசனை இணையத்தில் ஓயாமல் சுற்றிவருகிறது. வினிகர் பட்ட இலையைக் கருக்கும், இளஞ்செடியைக் கொல்லும். கிழங்கையும் வேர்த்தண்டையும் அது தொடுவதில்லை, இரண்டு வாரத்தில் அவை மறுபடி துளிர்க்கும். உப்போ மக்காது, ஆவியாகாது. நீரால் அடித்துச் செல்லப்படும்வரை மண்ணிலேயே தங்கி, நாளை நாம் நட இருக்கும் நாற்றின் வேரையும் வாட்டும். நடைபாதைக் கல்லிடுக்கில் வேண்டுமானால் ஏதாவது செய்துகொள்ளுங்கள், பயிர் வைக்கும் மண்ணில் உப்பு போடாதீர்கள். களைக்கொல்லியை நான் வீட்டுத் தோட்டத்தில் பயன்படுத்துவதில்லை. கிளைஃபோசேட் என்ற களைக்கொல்லியை உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015ஆம் ஆண்டு மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடிய வாய்ப்புள்ள பொருள் என்று வகைப்படுத்தியதும், வேறு பல ஒழுங்குமுறை அமைப்புகள் அதை ஏற்காததும் தெரிந்ததே. அந்த விவாதத்தின் முடிவு எதுவானாலும், கையால் எட்டக்கூடிய அளவுள்ள பாத்திக்கு அது தேவைப்படும் என்று நான் நினைக்கவில்லை.

களை நீங்கிய பிறகு மண்ணைத் தொடுவதற்கு முன், அது தொடும் நிலையில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். விரல் ஆழத்திலிருந்து ஒரு கைப்பிடி மண்ணை எடுத்து இறுகப் பிடித்து, கையை விரித்து, உருண்டையைப் பெருவிரலால் மெல்லத் தட்டிப் பாருங்கள். பொலபொலவென்று உதிர்ந்தால் வேலை செய்யலாம். விரல் பதிந்த தடத்தோடு வழவழப்பாக அப்படியே நின்றால், இன்னும் ஓரிரு நாள் பொறுக்க வேண்டும்; களிமண் கலந்த ஈர மண்ணில் கருவியை இறக்கினால் அதன் துளைகள் மெழுகப்பட்டு அடைந்துபோய், காய்ந்ததும் செங்கல் போன்ற கட்டிகளாகும், அந்தச் சேதம் ஒரு பருவத்தில் சரியாவதில்லை. உருண்டையே பிடிபடாமல் தூளாகப் போனால், முந்தைய நாள் தண்ணீர் விட்டு ஊறவைக்க வேண்டும். நிலை சரியாக இருக்கும்போது நான்கு பல் உள்ள மண்கிளறியை முழுதாக இறக்கி, பிடியைப் பின்னால் சாய்த்து மண்ணைத் தூக்கித் தளர்த்திவிட்டு, புரட்டாமல் அதே இடத்தில் விட்டுவிட வேண்டும். காற்று புகும், இறுக்கம் உடையும், ஆழத்து விதை ஆழத்திலேயே இருக்கும். முதன்முறையாகத் தோட்டமாகும் கெட்டித் தரைக்கு மட்டும் ஒருமுறை ஆழமாகக் கொத்த வேண்டியிருக்கும். அதற்குப் பிறகு ஒவ்வொரு பருவமும் அதையே செய்வது பழக்கதோஷம் மட்டுமே.

பாத்தியின் அளவில் அகலம்தான் முக்கியம், நீளம் உங்கள் விருப்பம். இருபுறமும் அமர்ந்து நடுப்பகுதியைக் கை எட்ட வேண்டும் என்பதால் 4 அடிக்கு மேல் போகக்கூடாது. சுவரோரப் பாத்தியாக இருந்தால் 2 அடி போதும். பாத்திக்குள் காலே வைக்கக்கூடாது என்பதை ஒருமுறை முடிவுசெய்துவிட்டால், மண் மறுபடி இறுகாது, அடுத்த பருவம் கிளறும் வேலை பாதியாகும். நீர் தேங்கும் மண்ணுக்கு அரை அடி உயர மேட்டுப்பாத்தி. நீர் நில்லாமல் ஓடும் மணற்பாங்கான மண்ணுக்குத் தரைமட்டமோ சற்றுப் பள்ளமோ நல்லது. மேட்டுப்பாத்தி எல்லா இடத்துக்கும் உயர்ந்தது என்ற நம்பிக்கையை நான் ஏற்பதில்லை, வறண்ட காற்றடிக்கும் இடத்தில் அது விரைவில் காய்ந்துபோகும்.

உரத்தைப் பொறுத்தவரை, புதிய பாத்திக்கு 5 சென்டிமீட்டர் கனத்துக்கு மக்கிய உரத்தைப் பரப்பி மேல்மண்ணோடு மட்டும் கலக்கலாம். அதாவது ஒரு சதுர மீட்டருக்கு 50 லிட்டர். பழைய பாத்திக்கு அதில் பாதி போதும். தொழு உரம் முழுமையாக மக்கியிருக்க வேண்டும் என்று எல்லோரும் சொல்வதற்கு, மக்காத உரம் வேரைக் கருக்கும் என்பதோடு இன்னொரு காரணமும் உண்டு: கால்நடையின் வயிற்றைக் கடந்தும் பல களை விதைகள் உயிரோடு வெளியேறுகின்றன. உரக்குவியலின் உள்ளே வெப்பம் 55 டிகிரி செல்சியஸுக்கு மேல் ஏறி, அவ்வப்போது புரட்டப்பட்டு, வெளியே இருந்தது உள்ளேயும் போய் வெந்தால்தான் அவை சாகும். சில சமயம் மாடு தின்ற தீவனத்தில் அடித்த களைக்கொல்லி, சாணத்தோடு வந்து உரத்திலும் தங்கிவிடுகிறது; அத்தகைய உரம் இட்ட பாத்தியில் தக்காளியும் அவரையும் இலை சுருண்டு முறுக்கிக்கொள்ளும். வெளியிலிருந்து வரும் உரத்தை நான் நம்பிக்கையின் பேரில் கொட்டுவதில்லை. அதையும் தோட்டத்து மண்ணையும் கலந்து ஒரு தொட்டியிலும், வெறும் மண்ணை இன்னொரு தொட்டியிலும் நிரப்பி, இரண்டிலும் நாலு அவரை விதை ஊன்றி, இரண்டு மூன்று வாரம் வளரவிட்டு ஒப்பிட்டுப் பார்த்தால் விஷயம் தெரிந்துவிடும். மரத்தூளை மண்ணுக்குள் கலக்க வேண்டாம். அதை மக்கவைக்கும் நுண்ணுயிர்கள் மண்ணிலுள்ள தழைச்சத்தை இழுத்துக்கொள்ளும், பயிர் வெளிறிப்போகும். மண்ணுக்கு மேலே போர்வை போல மூடாக்காகக் கிடந்தால் பெரிய தீங்கில்லை.

இப்போது பாத்தி தயார், உரமும் கலந்தாகிவிட்டது, விதையும் கையில் இருக்கிறது. இங்கேதான் நிற்க வேண்டும். பாத்தியைச் சமன்படுத்தி, விதைத்துவிட்டது போலவே பூவாளியால் தண்ணீர் தெளித்து, மேல்மண் காயாமல் பார்த்துக்கொண்டால், ஒரு வாரம் முதல் இரண்டு வாரத்துக்குள் மேல் 2 அல்லது 3 சென்டிமீட்டரில் கிடந்த களை விதைகளில் பெரும்பகுதி முளைத்து வரும். இரண்டு இலை விட்ட அந்தப் பருவத்தில் களைக்கு வேர் என்று சொல்லும்படி எதுவும் இருக்காது, களைக்கொத்தியை மேலோட்டமாக ஒருமுறை இழுத்தாலே போதும். ஆழமாகக் கொத்தினால் கீழிருந்து அடுத்த அணியை மேலே கொண்டுவந்துவிடுவோம். மண்ணை ஒரு விரலளவுக்கு மேல் அசைக்காமல் இருப்பதில்தான் இதன் வெற்றி இருக்கிறது. நேரம் இருந்தால் மறுபடி நீர் தெளித்து மறுபடி சீவலாம். இரண்டாம் முறை முளைப்பது கண்கூடாகக் குறைந்திருக்கும். கேரட், வெங்காயம் போன்று மெதுவாக முளைத்து மெலிந்த இலையோடு வளரும் பயிர்களுக்கு இதைச் செய்யாமல் விதைப்பதை நான் நினைத்தும் பார்ப்பதில்லை. பூசணி, வெள்ளரி போல் வேகமாகப் படர்பவற்றுக்கும், வளர்ந்த நாற்றாக நடுபவற்றுக்கும் இத்தனை கண்டிப்பு தேவையில்லை.

களை மிக முற்றிய பாத்தியாக இருந்து, கடும் வெயில் காலத்தில் அதைச் சும்மா போட்டுவைக்க முடியுமானால், வெயிலையே வேலை வாங்கலாம். மண்ணை நன்றாக நனைத்து, நிறமற்ற மெல்லிய பாலித்தீன் விரிப்பை மண்ணோடு ஒட்டி விரித்து, நான்கு ஓரமும் மண்ணில் புதைத்து, நான்கு முதல் ஆறு வாரம் விட வேண்டும். இஸ்ரேலில் ஜாகோவ் கட்டானும் அவருடைய குழுவினரும் 1976ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வுக்குப் பிறகு இந்த முறை பல நாடுகளுக்கும் பரவியது. மேல்மண்ணின் வெப்பம் 50 டிகிரியை ஒட்டி உயர்வதால் களை விதைகளும் வாடல் நோய்ப் பூஞ்சைகளும் பெருமளவு மடிகின்றன. கறுப்பு விரிப்பு தானே சூடாகிறதே தவிர மண்ணை அவ்வளவு சூடாக்குவதில்லை. கோரைக்கு மட்டும் இதில் பெரிதாக நம்பிக்கை வைக்க வேண்டாம். ஆழத்துக் கிழங்குகள் பிழைத்துக்கொள்ளும், அதன் கூர்முளை விரிப்பையே துளைத்துக்கொண்டு வெளியே வருவதைப் பார்க்கலாம்.

வெயில் போதாத இடத்தில் அட்டைப்பெட்டி உதவும். ஒட்டுநாடாவையும் ஊசிகளையும் நீக்கிவிட்டு, அட்டைகளை ஒன்றன்மேல் ஒன்று அரையடி ஏறும்படி பரப்பி, ஊற நனைத்து, மேலே வைக்கோலோ காய்ந்த இலையோ போட்டு மூடினால், அடியில் ஒளியின்றி ஓராண்டுக் களைகள் அழுகிவிடும், அட்டையும் சில மாதத்தில் மக்கிவிடும். நாற்று நட்ட பிறகு போடும் மூடாக்கும் இதே ஒளி மறைக்கும் வேலையைத்தான் செய்கிறது. 2 அல்லது 3 அங்குலத்துக்குக் குறைந்தால் பயனில்லை, தண்டை ஒட்டிக் குவித்தால் தண்டு அழுகும். நேரடியாக விதைத்த பாத்தியில், முளைத்தவை விரல் உயரம் வரும்வரை மூடாக்குக்குப் பொறுத்திருக்க வேண்டும்.

பாத்தியைத் தயாரிக்கும்போதே சென்ற பருவத்தில் அங்கே என்ன நின்றது என்பதையும் நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். தக்காளி, கத்தரி, மிளகாய், உருளை நான்கும் ஒரே குடும்பம். ஒன்றின் இடத்தில் மற்றொன்றை வைப்பது பயிர் மாற்றம் ஆகாது. பழைய செடியைப் பிடுங்கும்போது வேரில் முடிச்சு முடிச்சாக வீக்கம் தெரிந்தால் வேரைத் தாக்கும் நூற்புழு இருக்கிறது என்று பொருள். அந்த வேர்களை மட்டும் மண்ணில் விடாமல் திரட்டி அகற்றிவிட்டு, நூற்புழுவைக் குறைக்க அங்கே ஒரு பருவம் செண்டுமல்லியை நெருக்கமாக வளர்க்கலாம். பயறு வகைச் செடிகளின் வேரில் உள்ள சிறு உருண்டைகளை நோயென்று நினைத்துவிட வேண்டாம். அவை வேரின் பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டு, தேய்த்தால் உதிர்ந்துவிடும், வெட்டினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும். நூற்புழுவின் முடிச்சோ வேரே வீங்கியது, உதிராது.

விதைப்பதைத் தூவாமல் வரிசையாக, கயிறு கட்டி விதையுங்கள். வரிசை நேராக இருந்தால், பயிரின் முதல் இலைகளை அடையாளம் தெரியாதவர்கூட வரிசைக்கு வெளியே முளைத்த எல்லாவற்றையும் தயங்காமல் சீவிவிடலாம், வரிசையின் அகலமும் களைக்கொத்தியின் தகட்டுக்குப் பொருந்தும்படி அமைத்துக்கொள்ளலாம். பயிரின் ஆயுளில் முதல் மூன்றில் ஒரு பங்குக் காலத்தில் வரும் களையே விளைச்சலை அதிகம் பாதிக்கிறது. இலைகள் ஒன்றோடொன்று கூடித் தரையை நிழலாக்கிய பின் முளைப்பவை பெரும்பாலும் மெலிந்தே கிடக்கும். அந்த நாட்களில் பூவெடுத்த களையை மட்டும் பார்த்துப் பார்த்துக் கிள்ளி எடுத்துக்கொண்டிருந்தால் போதுமானது.